கஹ்லா யாருடையவள்

மேலே இருப்பவர்களுக்குள் என்ன சண்டை என்று சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. நோன்பு பத்தாம் நாள் காலையில் ரேடியோவைத் திருப்பினால், நேற்றுவரை மூக்கோடு மூக்கு உரசிக் கட்டிப்பிடித்தவர்கள் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்களாம். சவுதி கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டது. முறித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன். அடுத்து வந்த உத்தரவு என் மந்தைக்கே வந்தது. கத்தார்க்காரன் ஒட்டகம் ஒன்றுகூட சவுதி மண்ணில் நிற்கக் கூடாது.

நான் கத்தார்க்காரன், பாஸ்போர்ட்டில். என் சித்தப்பா மகன் ஷாஃபி சவுதிக்காரன். அதுவும் பாஸ்போர்ட்டில்தான். எங்கள் தாத்தா தோண்டிய கிணறு சவுதிப் பக்கம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் இரண்டு பேர் மந்தையும் மேயும். இரண்டுக்கும் கழுத்தில் ஒரே குலத்தின் சூட்டுக்குறி.

மற்ற எண்பதையும் ஓட்டிப் போய்விடலாம். என் பெட்டை ஒட்டகம் கஹ்லாவை என்ன செய்வது? குளிரில் ஈன வேண்டியவள், சினை பிடிக்கத் தாமதமாகி இந்தக் கொள்ளை வெயிலில் நிறைமாதமாக நிற்கிறாள். முன்பு இரண்டு முறை கன்று வயிற்றிலேயே செத்தது. லாரிக்கு ஊரே அடித்துக்கொண்டது, ஒன்றும் சிக்கவில்லை. எல்லை வாசலில் மந்தைகள் நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் நிற்பதாகச் சொன்னார்கள். அங்கே போனால் கன்றும் போகும், அவளும் போவாள்.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஷாஃபியைப் பிடித்தேன்.

"டேய், கஹ்லா ஒன்னோடதுன்னு சொல்லிடு."

"நோன்பு வாயால பொய் சொல்லச் சொல்றியாண்ணே? மந்தை எண்ண வர்ற அதிகாரி சத்தியம் கேக்குறாராம்."

"சொல்லலேன்னா அவ செத்துடுவாடா!"

"கத்தார்க்காரனுக்கு ஒத்தாசை பண்ணா உள்ள தூக்கிப் போட்ருவாங்கன்னு பேச்சு. எனக்கு நாலு பொட்டப் புள்ளைங்க, தெரியும்ல?" கோபமாகத்தான் சொன்னான். ஆனால் எழுந்து போகவில்லை. மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சரி. அவளை ஒனக்குக் குடுத்துட்டேன். இப்பவே. அல்லா சாட்சி."

நிமிர்ந்து பார்த்தான். "யோசிச்சுத்தான் பேசுறியா? குடுத்தா குடுத்ததுதான்."

"தெரியும்டா. நீ எனக்குப் பாடம் எடுக்காதே."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவன் எங்கள் குலத்தில் கிடையாது. அவள் பிறந்தபோது ஈரம் துடைத்தவன் நான். தாய் பால் தராததால் என் கையில் வளர்ந்தவள். ஒரே வார்த்தையில் போய்விட்டாள்.

நண்பகலுக்குள் அதிகாரி ஜீப்பில் வந்தார். சின்ன வயது, வெயிலில் உதடு வெடித்திருந்தது. கூட ஒரு நரைத்தாடிக் காவலர். என் எண்பதையும் எண்ணிவிட்டுக் கஹ்லாவைக் காட்டினார்.

"இது யாருது?"

"என்னோடது," என்றான் ஷாஃபி. "வல்லாஹி, என்னோடது." சத்தியம் செய்தபோது குரல் நடுங்கவில்லை. பொய்யில்லை அல்லவா!

அதிகாரி எழுதப் போனார். நரைத்தாடி தொண்டையைச் செருமினார். "ஐயா, சூட்டுக்குறி ரெண்டு பேருக்கும் ஒன்னு. இந்த மாதிரி நேத்தே மூணு பாத்தோம். ரெண்டு பேரையும் தள்ளி நிக்க வச்சு, இவனை அதப் பேரு சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. ஒட்டகத்துக்குப் பாஸ்போர்ட்டும் தெரியாது, பொய்யும் தெரியாது."

பாவி, என்று மனதுக்குள் திட்டினேன். ஷாஃபி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் கஹ்லா.

"கஹ்லா! வா! ஹே, கஹ்லா!" ஷாஃபி கூப்பிட்டான்.

காதை மட்டும் அசைத்தாள். பிறகு அந்தப் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தாள். என்னை நோக்கி. வராதேடி, வராதே என்று உள்ளுக்குள் கதறினேன். வந்தாள். மூக்கை என் அக்குளில் நுழைத்து, எப்போதும் போல ஊதினாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். ஷாஃபியின் முகம் செத்துவிட்டது.

கையில் மேய்ப்புக் கழி இருந்தது. அவள்மேல் அது ஒருநாளும் பட்டதில்லை.

ஓங்கி அவள் முகத்திலேயே அடித்தேன்.

"சீ, போ! டேய் ஷாஃபி, ஒன் சனியனைப் புடிச்சுக் கட்டுடா! கண்டவன் சட்டையை மோந்துக்கிட்டு! வளக்கத் தெரியாதவனுக்கு ஒட்டகம் ஒரு கேடா?"

அவள் நகரவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது, திரும்பவும் தலையை நீட்டினாள். மறுபடி அடித்தேன். மூன்றாவது அடியில்தான் அலறிக்கொண்டு விலகினாள். ஷாஃபி ஓடிவந்து கழுத்தில் கயிறு போட்டு இழுத்துப் போனான். நரைத்தாடி என்னையே பார்த்தார். எல்லாம் புரிந்த பார்வை. "எழுதிக்குங்க ஐயா," என்றார். "சொந்தக்காரன் இப்படி அடிக்கமாட்டான்."

ஆறாம் நாள் ஷாஃபி போன் செய்தான். நான் எல்லை தாண்டி வந்திருந்தேன். எண்பதில் ஒன்பது வழியிலேயே போய்விட்டன.

"அண்ணே, ஈன்னுட்டா! பொட்டக் கன்னு. ரெண்டும் சொகம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "எப்படிடா இருக்கா? ஒழுங்கா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா. கன்னுக்குப் பால் குடுக்குறா." கொஞ்சம் இழுத்தான். "கிட்டப் போய்த் தடவத்தான் முடியல. வெறுங்கையைத் தூக்குனாலும் கன்னை மறைச்சுக்கிட்டு நிக்குறா."