பலூனுக்கு இடமில்லாத பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் காதில் விழுந்தது. பிரான்சில் அங்குலேம் படக்கதைத் திருவிழாவில், வாசகர்களுக்குக் கையெழுத்துப் போடும் கூடாரத்தில், எங்கள் கடையின் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் பேசினார்கள். மொத்தமே இரண்டு வரி. மற்றதில் பாதி ரெமி பிறகு சொன்னது, பாதி நான் ஒட்டவைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரெமி எழுதுவான், அர்மெல் வரைவாள். இத்தனை வருடமாக அவர்கள் ஒரே உடம்பின் இரண்டு'

வேண்டாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக ரெமி எழுதித் தருவான். வசனம் எழுதும் வட்டத்துக்கு, அதாவது பேச்சு பலூனுக்கு, வெள்ளையாக இடம் விட்டு அர்மெல் வரைவாள். அந்த இடத்தை நிரப்புவது மறுபடி ரெமியின் வேலை. (அவனுக்கு எவ்வளவு இடம் விட்டாலும் போதாது. கடைக்கு ஒரு புத்தகம் வாங்க வந்தால் மத்தியானம் முழுக்கப் பேசுவான்.)

மூன்றாவது புத்தகத்தில் ஒரு பக்கம். புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள் அவன் காபிக் கிண்ணத்தைக் கழுவுகிறாள். தங்கையோடு அவள் போனில் பேசுவதாக ரெமி நீளமாக எழுதியிருந்தான். அர்மெல் அனுப்பிய பக்கத்தில் ஓரம்வரை தண்ணீரும் கைகளும்தான். பலூனுக்கு இடமே இல்லை. அச்சுக்குப் போகும் அவசரம். மறந்துவிட்டாள் என்று நினைத்து, ரெமி கைகளின் மேலேயே பலூன்களை ஒட்டி அனுப்பிவிட்டான்.

3

கூடாரத்தில் ஒரு வாசகி அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினாள். அர்மெல் அப்போதுதான் அதைப் பார்க்கிறாள்.

"இடம் விட மறந்துட்ட. நான்தான் எப்படியோ சமாளிச்சேன்," என்றான் ரெமி. குரலில் கொஞ்சம் பெருமை.

"மறக்கலடா. அங்க யாரும் பேசல."

பேனாவை மூடினாள். வாசகியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனாள்.*

* அவை அவளுடைய அம்மாவின் கைகள் என்று இங்கே எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

4

அதன்பிறகு அவள் அவனுக்கு வரையவில்லை. நாலாவது புத்தகம் ரெமியின் மேசையில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. வேறு ஆளைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் கடைக்கு வந்தான்.

"மூணாவது மறுபதிப்பு வருது. அந்தப் பக்கத்தைப் பேச்சில்லாமப் போடச் சொல்லிட்டேன். ஒரிஜினல் அவகிட்டதான் இருக்கு. இன்னிக்குப் போய்க் கேக்கறேன். அப்படியே நாலாவதையும் வரைஞ்சு குடுன்னு."

"என்னன்னு ஆரம்பிப்ப?"

சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். "எழுதியே வச்சிருக்கேன். எத்தனை பக்கம் பாரு."

"இதையும் அவ மேல ஒட்டப்போறியா?"

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். கிழித்துப் போட்டான் என்று எழுத ஆசை. போடவில்லை.

5

ஒரு முடிவு: அர்மெல் கதவைத் திறக்கிறாள். காகிதங்களை வாங்கிப் படித்து அழுகிறாள்.

அழமாட்டாள். இது எனக்காக நான் எழுதிக்கொண்டது.

இன்னொரு முடிவு: கதவு திறக்கவில்லை. ரெமி படியிறங்கும்போது மழை

மழையை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் ரெமி கடைக்கு வந்தான். கையில் எதுவும் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. படம் தந்தாளா, வரைகிறாளா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு இவ்வளவு நேரம் என் பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அவள் வீட்டுக் கதவு திறந்ததா, இல்லையா என்று நீங்களே பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். அர்மெல் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எனக்கு எழுதி அனுப்பாதீர்கள்.