மூன்றாவது கியரில்

புகைப் பரிசோதனை நிலையத்தில் இருந்த இளைஞன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "ஃபெயில்மா" என்றான்.

துணிக்கடைத் தெருவில் பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் அந்தப் பெண்மணிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பள்ளிக்கூடத்துலகூட ஃபெயிலானதில்லப்பா" என்றாள்.

"நீங்க இல்லம்மா, வண்டி."

வண்டியின் புகைக்குழாய்க்குள் அவன் செருகியிருந்த கம்பியின் மறுமுனை ஒரு திரையோடு இணைந்திருந்தது. திரையில் எல்லா எண்களும் சிவப்பாக இருந்தன. வாங்கி இருபது வருடம் தாண்டிய பெட்ரோல் கார். இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் சாலையில் ஓட்டக் கூடாது என்று சொல்லி அடுத்த வண்டியைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"தள்ளிவிடு. பழைய இரும்புக்காரன் எடுத்துக்குவான். எனக்கும் அதுக்கும் ஒரே நேரத்துல காலம் முடியுது, அவ்வளவுதான்."

அச்சகத்தில் வண்ணம் பார்க்கும் வேலையில் இருந்தவர் அவர். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, "சிவப்பு ஒரு மயிரிழை தூக்கலா இருக்கு" என்பார். இருக்கும். அந்தக் கண்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல இருண்டுபோயின. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். கண் போன பிறகு அவர் கண் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. மகள் தன் ஊருக்கு அழைத்தபோதும், "கண்ணில்லாதவனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

அதனால் கார் அவள் கைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டினாள். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். தெருவில் அந்தக் காருக்கு 'ஆமை' என்று பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆமையானாலும் அது அவள் சொன்ன இடத்தில் நின்றது, சொன்ன பக்கம் திரும்பியது. யார் கையையும் எதிர்பார்க்காமல் கணவரை எழுப்பி உட்காரவைத்து அழைத்துப்போக முடிந்தது. அதை இரும்புக்காரனிடம் கொடுப்பதா?

மறுநாள் மெக்கானிக்கிடம் போனாள். ஊரே அவரை 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடும். ஜாக்கி நழுவிக் காலில் விழுந்ததால் மாவுக்கட்டோடு ஒரு டயர்மேல் உட்கார்ந்து, உதவியாளரை ஏவிக்கொண்டிருந்தார். பிளக்கையும் எண்ணெயையும் மாற்றச் சொன்னார். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு அடுப்பே பத்தவைக்கலாம்க்கா" என்றார். அதையும் மாற்றியாயிற்று.

"தேறிடுமா?"

"சொல்ல முடியாது. புகைக்குழாய்ல ஒரு டப்பா இருக்கு. உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும். கெட்ட புகையை அதுதான் எரிச்சு சுத்தம் பண்ணணும். ஆனா நல்லா சூடேறினாத்தான் வேலை செய்யும். நீங்க கடைக்குப் போறீங்க, வர்றீங்க. அடுப்பை மூட்டி, தண்ணி கொதிக்கறதுக்குள்ள அணைச்சா எப்படி? கரி அடைச்சுப் போச்சு."

"டப்பாவை மாத்திடுங்களேன்."

"இந்த மாடலுக்கு அது இப்ப எங்கயும் வர்றதில்ல. ஒரே ஒரு வழி இருக்கு. மலை ரோட்டுல ஏத்துங்க. மூணாவது கியர்லயே வச்சு, இன்ஜின் கத்தக் கத்த ஏத்துங்க. திரும்பி நேரா டெஸ்ட்டுக்குக் கொண்டுபோங்க. நடுவுல எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க. நான் ஓட்டிக் கொடுப்பேன், இந்தக் காலைப் பாருங்க."

மலை ரோட்டுக்கு நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும். அதை அவள் பயணியாக மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"நீங்களும் வாங்க" என்றாள் வீட்டுக்கு வந்து கணவரிடம்.

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்?"

"பக்கத்துல உக்காருங்க. காது நல்லாத்தானே இருக்கு? வண்டி என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லுங்க. தனியா போனா நான் பாதியிலயே திரும்பிடுவேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் எழுந்தார்.

காலையில் கிளம்பினார்கள். ஒரு வாரம் விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் அவள் காரை நிறுத்தியே விட்டாள். லாரிகள் சுவர்களைப் போலக் கடந்துகொண்டிருந்தன. பின்னால் ஹாரன் அலறியது.

"லாரி போயிடுச்சு. அடுத்த சத்தம் தூரத்துல இருக்கு. இப்ப போ" என்றார் அவர், கண்ணை மூடியபடி.

அவள் போனாள்.

"இரண்டாவது போதும், மூணைப் போடு. ம். இப்ப அழுத்து. இன்னும் அழுத்து. என்ன, முட்டைமேல கால் வச்ச மாதிரி வைக்கிற?"

"கத்துதுங்க!"

"கத்தட்டும். இத்தனை வருஷம் வாயைத் திறக்க விட்டியா நீ?"

அவள் அழுத்தினாள். பின்கண்ணாடியில் பார்த்தபோது சாலையே தெரியவில்லை. கரிய புகை மேகம் போல எழுந்து பின்னால் வந்த வண்டிகளை விழுங்கியிருந்தது.

"ஐயோ, பின்னாடி ஏதோ எரியுது!"

"நெருப்பு வாசனை இல்ல. கரி வாசனைதான். விடாதே."

மலைச்சாலை தொடங்கியது. கார் இருமிற்று. ஒருமுறை குலுங்கியது. அவள் காலை எடுக்கவில்லை. ஒரு நீண்ட ஏற்றத்தின் பாதியில் அந்த இருமல் நின்றது. அதுவரை உலோகத் தகடு அதிர்வது போல இருந்த சத்தம் திடீரென்று உருண்டு திரண்டு ஒரே குரலாயிற்று. யாரோ பின்னாலிருந்து கையை வைத்துத் தள்ளுவது போலக் கார் முன்னால் பாய்ந்தது. பின்கண்ணாடியில் சாலை சுத்தமாக, ஈரமாக, மரங்களோடு தெரிந்தது.



"இது நம்ம வண்டிதானா?" என்றார் அவர்.

"நம்ம வண்டிதான்" என்றாள் அவள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளில் அவளுக்குப் புல்லரித்தது. இவ்வளவு வலுவை வைத்துக்கொண்டா இது தன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் காய்கறிப் பையைச் சுமந்து திரிந்தது?

மலையின் முதுகில் ஒரு பெரிய அணை இருந்தது. அதன் அடியில் ஆற்றைக் கடக்கும் பாலத்தைத் தாண்டினால் சாலை வட்டமடித்து ஊருக்கு இறங்கும். பாலத்துக்கு முன்னால் தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. மழைக்கோட்டு போட்ட காவலாளி கையைக் காட்டினார்.

"நிறுத்துங்க. அணை நிரம்பிடுச்சு. கதவைத் திறக்கப் போறாங்க. இன்ஜினை ஆஃப் பண்ணுங்கம்மா."

"ஆஃப் பண்ணக் கூடாது. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றாள் அவள் பதற்றத்தில் வாய் தவறி.

காவலாளி குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு, மேற்கொண்டு வற்புறுத்தாமல் விலகினார். சிரிப்பை அடக்கியதில் கணவரின் தோள் குலுங்கியது. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தத் தோள் அப்படிக் குலுங்குகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சங்கு ஊதியது. மலைக்கு மலை அது எதிரொலித்து அடங்கியது.

"வாங்க, இறங்கி நிப்போம்" என்று அவரை இறக்கிச் சாலையோரக் கைப்பிடிச் சுவரைத் தொட வைத்தாள். எதிரே அணை நின்றது. சாம்பல் நிறத்தில், தலையை அண்ணாந்தால்தான் மேல்விளிம்பு தெரியும் உயரத்தில். அதன் தலைமேல் மனிதர்கள் எறும்பளவில் நடந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. பிறகு கதவுகளின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. தைக்கும் துணியில் சாக்குக்கட்டியால் இழுத்த கோடு போல, அவ்வளவு மெல்லியதாக.

"ஏதோ வருது" என்றார் அவர்.

"எங்க?"

"கால்ல. தரையில."

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறு நொடியே தெரிந்தது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வழியாக ஏறி, பல்லில் வந்து நின்றது அந்த நடுக்கம். வெள்ளைக் கோடு தடித்தது, கிழிந்தது, சுவர் முழுவதும் தண்ணீராகிக் கீழே விழுந்தது. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்தில் தங்கவில்லை; திரும்ப எழுந்தது, புகையாக, அணையின் பாதி உயரத்துக்கு. அதற்குப் பின் வந்த சத்தத்தைச் சத்தம் என்று சொல்ல முடியாது. வேறு எதற்கும் இடம் வைக்காத ஒன்று அது. காவலாளி வாயசைத்து ஏதோ சொன்னார். ஒரு எழுத்தும் கேட்கவில்லை. எதிர்க்கரை மரங்கள் காற்றில்லாத அந்தக் காலையில் வில்லாக வளைந்து நின்றன. தண்ணீரே காற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. அது வந்து முகத்தில் அறைந்தபோது அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நனைந்தார்கள்.

தினமும் குழாயைத் திருகி ஒரு குடத்தில் பிடிக்கும் தண்ணீர் இது. இத்தனை எடையும் இத்தனை கோபமும் ஒரு சுவருக்குப் பின்னால் மூச்சுக்காட்டாமல் நின்றிருக்கிறது. நாம் கீழே அதில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவளுக்குக் கும்பிடத் தோன்றியது, யாரை என்று தெரியவில்லை.

அவர் அவள் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு!"

"வெள்ளையில எத்தனையோ வெள்ளை! எந்த வெள்ளை?"

அவள் பார்த்தாள். முதல்முறையாக அவருக்காகப் பார்த்தாள். "விழற இடத்துல பஞ்சு மாதிரி! மேல, கதவுகிட்ட, வெள்ளையே இல்ல! பச்சை! கண்ணாடிப் பாட்டிலோட அடிப்பகுதி இருக்குமே, அந்தப் பச்சை! அது வளைஞ்சு உடைஞ்சுதான் வெள்ளையாவுது!"

அவர் தலையாட்டினார். ஈர முகத்தை மேலே தூக்கி, வாய் லேசாகத் திறந்து, அப்படியே நின்றார். அச்சகத்தில் எல்லா நிறமும் சரியாக விழுந்த ஒரு தாளைப் பிடித்திருக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

வண்டி ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓடி வந்து பானட்டில் கையை வைத்தாள். நடுங்கியது. ஆனால் உலகமே நடுங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று அதைக் கொண்டு எப்படிச் சொல்வது? உள்ளே எட்டி, ஆக்ஸிலரேட்டரைக் கையால் அழுத்தி, இன்ஜின் வேகம் காட்டும் முள் எழுகிறதா என்று பார்த்தாள். எழுந்தது.

பாலம் இன்றைக்குத் திறக்காது என்று காவலாளி சைகை காட்டினார். வந்த வழியே திரும்பினார்கள். சும்மா நின்றதில் சூடு இறங்கியிருக்குமோ என்ற பயத்தில் அவள் மூன்றாவது கியரை மாற்றவேயில்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தினாள். முந்திய பிறகுதான் அதை உணர்ந்தாள்.

பரிசோதனை நிலையத்தில் வரிசை நின்றது. அவள் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள். முகக்கவச இளைஞன் அவர்களை அடையாளம் கண்டு, 'மறுபடியுமா' என்பது போலப் பெருமூச்சு விட்டான். கம்பியைச் செருகினான். திரையைப் பார்த்தான். எந்திரத்தின் பக்கவாட்டில் தட்டினான். கம்பியை உருவித் துடைத்து மறுபடியும் செருகினான்.

"என்னப்பா? ஃபெயிலா?"

"பேசாம இருங்கம்மா." அவன் இன்னொரு முறை இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தான். சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. கடைசி ஒன்று மட்டும் மதில்மேல் பூனையாகக் கோட்டருகே நின்று, பிறகு இந்தப் பக்கம் குதித்தது. "பாஸ்" என்றான், தன் காதே நம்பாதவன் போல. "இதே வண்டிதானே போன தடவை வந்தது? என்ன பண்ணீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னல் வழியாக அவர் சொன்னார்: "அணையைத் திறந்துவிட்டாங்க தம்பி."

இளைஞன் அவளைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று அவன் முடிவுசெய்தது அவன் முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் மகளின் தொலைபேசி வந்தது. வழக்கமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறவர் அன்று கொடுக்கவில்லை. குளித்துவிட்டுச் சமையலறையில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அது முதல்ல கால்லதான் வரும் தெரியுமா. தரைக்கு அடியில யாரோ பெரிய எந்திரத்தை ஓட்டற மாதிரி. அப்புறம் காத்து. மூஞ்சியில நேரா வராது, கீழேர்ந்து மேல வரும். அதுல ஒரு வாசனை இருக்கு, மழை வாசனை இல்ல, ரொம்ப ஆழத்துல இருந்த கல்லோட வாசனை. அம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்காது, அவ பார்த்துக்கிட்டிருந்தா. மேல கதவுகிட்ட தண்ணி பச்சை. பாட்டில் பச்சை. அது வளையற இடத்துலதான் விஷயமே இருக்கு…"

துண்டைப் பிடித்த கை நின்றுவிட்டது. கல்லின் வாசனை. ஆமாம், இருந்தது. அவர் சொன்ன பிறகுதான் அது அவள் மூக்குக்கு வந்தது.

"அப்பா, நீங்க எப்போ இங்க வர்றீங்க?" என்று மகள் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சற்று யோசித்து, சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அவ ஊருக்குப் போற வழியில கடல் வருமில்ல?"