ஒட்டுப் போட்ட மழைக்கோட்டு

அண்ணன் வரும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான். நோயாளி என்றால் ஆரஞ்சு என்று எவன் எழுதி வைத்தானோ தெரியவில்லை. என் கணவருக்கு வெட்டுப்பட்டது வலது கையில். ஒற்றைக் கையால் ஆரஞ்சை எப்படி உரிப்பார் என்று இவன் ஒரு நாளாவது யோசித்திருப்பானா? கடைசியில் உரிப்பதும் நான், தின்பதும் நான்.

பழத்தோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. வந்த கையோடு குழாய்க்கு வாஷர் மாற்றுவான், மின்விசிறி இறக்கையைத் துடைப்பான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவான். ஒழுகாத குழாயையும் ஒரு முறை இறுக்கிவிட்டுத்தான் போவான். கப்பலில் வேலை பார்ப்பவன் லீவில் வந்தால் தூங்குவான், இல்லையென்றால் ஊர் சுற்றுவான். இவன் என் வீட்டுக் குழாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அண்ணி ஒரு நாள் போனில் கேட்டேவிட்டாள்: "எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுதுன்னு உங்க அண்ணன்கிட்ட கொஞ்சம் சொல்லேன்."

அவன் உள்ளே வந்தால் என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மாடி வீட்டுப் பால்கனி, துணிக்கொடிக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டால் அதோடு இடம் முடிந்தது. அதில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். "வலி எப்படி இருக்கு மாப்ள?" என்று அண்ணன் கேட்டால் "ம்" என்பார். "டாக்டர் என்ன சொன்னார்?" என்றாலும் "ம்"தான். முன்பெல்லாம் "மச்சான், மச்சான்" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவர்.

எனக்கு வயிறு எரியும். கப்பலின் பின்பக்கத்தில் ரத்தத்தில் கிடந்தவரை வாரி எடுத்தவன் அண்ணன்தானே? தன் பனியனைக் கிழித்துக் கட்டுப் போட்டு, கரையிலிருந்து படகு வரும்வரை மடியில் கிடத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். எனக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவன்தான். எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். "இருக்கும்மா, இருக்கும்மா" என்று அழுதான்.

இதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். என் கணவர் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். மாலையில் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் வேலை, அது அவருக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. "நீ மட்டும் கப்பல்ல உலகத்தைச் சுத்து, உன் மாப்பிள்ளை கிரீஸ் துடைச்சிட்டே கிடக்கட்டும்" என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்து, அவனிருந்த கப்பலிலேயே இவருக்கும் ஃபிட்டர் வேலை வாங்க வைத்தது நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. இப்போது அந்த வலது கை விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பித்தானை நான் போட்டுவிடுகிறேன். அவர் அந்த நேரம் மட்டும் மேலே கூரையைப் பார்த்துக்கொள்வார்.

கேட்க வருகிறவர்களோ வேறு ரகம். "கடல் கொள்ளைக்காரன் ஒத்தக் கண்ணுல துணி கட்டியிருந்தானா?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்டாள். "இல்லைங்க, தோள்ல உக்கார்ற கிளியையும் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டான்" என்றேன். சினிமாவில் வருகிற மாதிரி தங்கப் புதையலுக்கா வந்தார்கள்? துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்குமாம். அப்போது சின்னப் படகில் சத்தமில்லாமல் வந்து, கொக்கி மாட்டி ஏறி, கயிற்றுச் சுருளையும் பெயிண்ட் டின்னையும் இன்ஜின் சாமானையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். குறுக்கே வந்தால் கத்தி. பெயிண்ட் டின்னுக்காக ஒரு மனுஷனின் கை.

அதற்காகத்தான் கப்பல்காரர்கள் பொம்மை செய்து வைப்பார்கள். பழைய ஓவரால் உடுப்புக்குள் கந்தலை அடைத்து, தலைக்கு ஹெல்மெட் மாட்டி, கம்பியோடு சேர்த்துக் கட்டி நிறுத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற திருடனுக்கு அங்கங்கே காவல்காரன் நிற்பதாகத் தோன்றும். சோளக்கொல்லைப் பொம்மைதான், காக்காவுக்குப் பதில் கள்ளன். இவர்கள் கப்பலில் அதற்குச் 'சித்தப்பா' என்று பேர். போன புதிதில் என் கணவர் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பினார். "இவருதான் எங்க சித்தப்பா. சம்பளம் வாங்காம வாட்ச் பாக்கறாரு" என்று கீழே எழுதியிருந்தார். அவர் எனக்கு எழுதியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் பேசுவதே அளந்துதான். அதனால் என் புலம்பலெல்லாம் அண்ணன் காதுக்குத்தான் போகும். அவனிடம் ஒரு நல்ல குணம், நான் கூப்பிட்டால் எடுத்துவிடுவான். கப்பலில் சிக்னல் கிடைக்கிற மூலையைத் தேடிப் போய் நின்றாவது பேசுவான்.

லீவு முடிந்து அண்ணன் மறுபடி கப்பலேறும் நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். காலையில் என் கணவரிடம் சொன்னேன், இன்றைக்காவது அவனோடு ஒரே மேஜையில் உட்காருங்கள் என்று. "எனக்குப் பசிக்கல" என்றார். பொழுது விடிந்து பல்கூடத் தேய்க்கவில்லை, அதற்குள் மத்தியானப் பசி இல்லை என்கிறார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களைத் தூக்கிட்டு வந்தவன் அவன். அவன் இல்லைன்னா நான் இன்னிக்கு யார்கூட சண்டை போட்டுட்டு இருப்பேன்? நன்றின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அவர் மடங்காத விரல்களை இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு விடியக்கால வாட்ச் அவனுக்கு. மழை தூறிட்டிருந்தது. குளிர்ல நிக்கறானேன்னு டீ எடுத்துட்டுப் பின்பக்கம் போனேன். அவன் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னுட்டிருந்தான், முதுகைக் காட்டிட்டு. ஸ்டோர் கதவு பக்கம் திரும்பறேன், நாலஞ்சு பேர். ஒருத்தன் வெட்டினான். 'மச்சான்'னு கத்தினேன். விழுந்தப்புறமும் கத்தினேன். அவன் திரும்பல."

"யாருங்க திரும்பல?"

"உங்க அண்ணன். அசையாம நின்னு பாத்துட்டிருந்தான். பாக்கக்கூட இல்லை. கடலைப் பாத்துட்டிருந்தான்."

"இருட்டுல வேற யாராவது..."

"முதுகுல நீ போட்ட ஒட்டு இருந்துச்சு. கிட்ட நின்னு பாத்தேன்."

கப்பலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டுதான். அண்ணனுடையது போன லீவில் முதுகில் கிழிந்திருந்தது. என் பழைய நீலக் குடைத் துணியை வெட்டி நான்தான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். "இனிமே யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்று சிரித்தான்.

"கேட்டிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? பயம் யாருக்கும் வரும். மன்னிச்சிட்டேன். ஆனா மூஞ்சியப் பாக்க முடியல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த ஆரஞ்சும் வாஷரும் எண்ணெயும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

அண்ணன் வந்தான். கையில் வழக்கமான பை. செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை நான்.

"இவரை வெட்டும்போது நீ பக்கத்துல நின்னுட்டிருந்தியாமே? நிஜமா?"

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. பால்கனியில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து வந்து பால்கனி வாசற்படியில் நின்றார்.

"கோட்டைப் பாத்தேன் மச்சான். ஒட்டு போட்ட கோட்டு" என்றார். இத்தனை மாதத்தில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

"அது நான்..." என்று அண்ணன் ஆரம்பித்தான். அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடி டம்ளருக்கு அடி வாங்குமுன் ஒரு பார்வை பார்ப்பானே, அந்தப் பார்வை.

"ஆமா பாப்பா" என்றான். "பயந்துட்டேன். கால் அசையல. தப்புதான்."

எனக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அது எவ்வளவு தூரம் போனது என்பதை எழுதவே கூசுகிறது. நீ ஆம்பளையா என்றேன். கூடப் பிறந்தவளின் வாழ்க்கை கண் முன்னால் வெட்டுப்படும்போது கடலை வேடிக்கை பார்த்தாயா என்றேன். "அந்த ஒட்டுத் துணியப் பிரிச்சு எறிஞ்சுடு. என் கை பட்டது உன் மேல இருக்கக் கூடாது. இந்தப் படி ஏறாதே" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை அவன். பையைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கிப் போனான். படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே நின்றேன். பெரிய நியாயஸ்தி மாதிரி இடுப்பில் கை வேறு.

சாப்பாடு மேஜையில் ஆறியது. என் கணவர் வந்து உட்கார்ந்தார், சாப்பிடவில்லை.

"இவ்வளவு பேசியிருக்க வேணாம்" என்றார். "தூக்கிட்டு வந்தவனும் அவன்தானே. ஹாரன் அடிச்சதும் ஓடி வந்துட்டான்."

"எந்த ஹாரன்?"

"கப்பல் ஹாரன். படகு விலகிப் போறதை மேலேர்ந்து ஆபீசர் பாத்துட்டு விடாம அடிச்சார். அப்பத்தான் ஓடி வந்தான். தொப்பலா நனைஞ்சிருந்தான். பனியனும் சட்டையும் உடம்போட ஒட்டிட்டு..." அவர் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "கோட்டை எப்பக் கழட்டினான்னு தெரியல. அதுவும் முன்பக்கத்துலேர்ந்துதான் வந்தான்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த ஹாரனை நானும் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு இங்கே நான் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே விடியற்காலை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்வதும் பொய். அங்கே மணி என்ன என்று நான் என்றைக்கும் கேட்டதில்லை. "அப்புறம் பேசவாம்மா?" என்று அவன் கேட்டான். "உனக்கும் நான் பாரமாயிட்டேனா?" என்று மூக்கைச் சிந்தினேன். உடனே "இல்ல இல்ல, நீ சொல்லு" என்றான். நடுவில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று அதில் யாருக்கோ பதில் சொன்னான். பிறகு அந்த நீளமான ஹாரன். "ஏதோ பிரச்சினை, வெக்கறேன்" என்று துண்டித்தான். எனக்குக் கோபம்கூட வந்தது, பாதியில் வைத்துவிட்டானே என்று.

"அந்தக் கோட்டுக்குக் கை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"என்ன?"

"கம்பியைப் பிடிச்சிட்டு நின்னான்னு சொன்னீங்களே. விரல் தெரிஞ்சுதா?"

அவர் என்னையே பார்த்தார்.

"சித்தப்பா" என்றார் மெதுவாக. "சித்தப்பாவுக்குக் கோட்டை மாட்டிட்டுப் போயிருக்கான். மேலேர்ந்து பாக்கற ஆபீசருக்கு ஆள் நிக்கற மாதிரி தெரியட்டும்னு." பிறகு, "எங்க போனான்?" என்றார்.

கள்ளனை ஏமாற்ற வைத்த பொம்மை. கள்ளன் ஏமாறவில்லை. ஆபீசர் ஏமாந்தார், டீயோடு போன இவர் ஏமாந்தார், இத்தனை மாதம் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். காவலை விட்டுப் போனது அண்ணன் செய்த தப்பு, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தப்பைச் சொன்னால் 'எங்கே போனாய்' என்ற கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் நான். அதனால்தான் கோழை என்ற பட்டத்தை என் கையாலேயே வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறான்.

நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணன் ஏற்கெனவே எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. நாளைக்குக் கடலுக்குப் போய்விடுவான். அந்த ஆசை ஒரு நிமிஷம் எனக்கு வந்தது. வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

"சிக்னல் கிடைக்கற மூலைக்குப் போனான்" என்றேன். "நான்தான் கூப்பிட்டேன். விடாம பேசினேன். வைக்கறேன்னு சொன்னவனை வைக்க விடல."

அவர் அசையவில்லை. பொம்மையைப் போலவே இருந்தார்.

"என்ன பேசின?" என்றார் கடைசியில்.

பொய் சொல்ல நேரமிருந்தது. சொல்லவில்லை.

"உங்களைப் பத்திக் குறைதான். ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கறார், இந்த மனுஷனைக் கட்டிட்டு என்ன பண்றதுன்னு."

அங்கே அவரைக் கள்ளர்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது இங்கே நான் பேசியது அது. என் அழுகையை அவர் துடைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த என் போனை இடது கையால் என் பக்கம் தள்ளினார். ரெண்டு வார்த்தைதான் பேசினார்.

"அவனைக் கூப்பிடு."

அவன் பேரைத் தொட்டேன். இவ்வளவு பேசியதற்குப் பிறகு அவன் எடுக்காமல் இருந்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "சொல்லு பாப்பா" என்றான். அவன் என்றைக்கும் அப்படித்தான். எங்கே நின்றாலும், என்ன வேலையில் இருந்தாலும், என் போனை எடுக்காமல் விட்டதே கிடையாது.