தாகப் பட்டியலில் முதல் பெயர்

அந்த மார்கழியில் முள்ளிச்செவலில் வறட்சி முதலில் பிடித்தது மிளகாய்ச் செடிகளை அல்ல, அழகுத்தாயின் கணவன் சீனிராஜை. லேசர் கருவி அப்படித்தான் காட்டியது.

கருவியைக் கொண்டுவந்தவர் உதவி வேளாண் அலுவலர் ஜெசிந்தா. பெரிய டார்ச் லைட் அளவுதான் இருக்கும். இலைமேல் லேசரை அடித்தால் இலை கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, செடி எத்தனை நாளாகத் தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறது என்று திரை சொல்லிவிடும். இலை தலையைத் தொங்கப்போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்க் குட்டையில் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அதிக நாள் காட்டுபவருக்கே அது என்பது விதி.

புதன்கிழமை சீனிராஜின் மிளகாய் நான்கு நாள் காட்டியது. ஊரில் வேறெந்தப் பயிரும் மூன்றைத் தாண்டவில்லை. அழகுத்தாய் மனதுக்குள் வாய்க்காலே வெட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து சீனிராஜ் களை பிடுங்கக் குனிந்தான். லேசர் அவன் காதில் பட்டது. திரையில் பதினொன்று.

ஜெசிந்தா அவன் பெயரைப் பட்டியலின் உச்சியில் எழுதிக்கொண்டார். அளந்தபிறகு அளக்கவில்லை என்று எழுத முடியாது, வெள்ளிக்கிழமை காலை மறுபடி அளந்துவிட்டு மடையைத் திறப்போம், அதற்குள் ஆளை வரிசையில் நட்டு வையுங்கள், தண்ணீர் வேருக்குப் போக வேண்டும் என்றார். சீனிராஜே மண்வெட்டி எடுத்து, வரப்போரமாக முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, இறங்கி மண்ணை அணைத்துக்கொண்டான். பாத்தி கட்டுவதில் அவனுக்குக் கை சுத்தம்.

புருஷனுக்குத் தண்ணீர் போவதில் அழகுத்தாய்க்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் செடியெல்லாம் பூவாக நின்றது. வெள்ளிக்கிழமை தண்ணீர் காணாவிட்டால் பூ உதிரும். உதிர்ந்தால் இந்த வருஷத்து வெள்ளாமை அவ்வளவுதான். இரண்டு செம்பு மோர் கொடுத்துப் பார்த்தாள். ஜெசிந்தா அளந்தார். பதினொன்றில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் விரல்விட்டு எண்ணியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. கம்பு விதைப்போம் என்று அவள் சொல்ல, கேட்காமல் மிளகாய் நட்டவன் அவன். மழை கார்த்திகையோடு கைவிட்டது. “நான் அப்பவே சொன்னேன்” என்றவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். தட்டை வைக்கும் சத்தம் மட்டும்தான் அவனுக்கு. அது நடந்து பதினோரு நாள்.

வியாழன் விடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கம்பில் தொடங்கினாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது, பந்தியில் அவன் அண்ணன் மனைவி சொன்ன சொல்லுக்கு இவன் சிரித்தது என்று வருஷம் வருஷமாகப் பின்னோக்கிப் போனாள். உச்சிப்பொழுதில் பெண்பார்க்க வந்த நாளுக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவன் கேசரியை மட்டும் பார்த்தானாம். சீனிராஜ் குழியில் நின்றபடி எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினான். அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது.

பொழுது சாயும்போது திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல், “காலு வலிக்குதாங்க?” என்று கேட்டாள்.

“வலிக்கல. நிப்பாட்டாமப் பேசு” என்றான்.

அவள் இறங்கி அவன் காலைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டாள். பிறகு, திட்டாமலே பேசினாள்.

வெள்ளிக்கிழமை மிளகாய் ஆறு காட்டியது. சீனிராஜ் ஒன்று. அவன் குழியிலிருந்து ஏறி, அதை மூடிவிட்டு, தானே போய் மடையைத் திறந்தான். தண்ணீர் கடைசிப் பாத்திவரை போனது. ஒரு பூகூட விழவில்லை.

குட்டை காலியான சமயத்தில் மேற்கேயிருந்து ஒரு மேகம் வந்து, ஆளுயரத்துக்கு மேலே சற்றுத் தள்ளி நின்றது. ஜெசிந்தா அதன்மேல் லேசரை அடித்தார். இருபத்தெட்டு நாள். பட்டியலில் எழுதிக்கொண்டார்.

சீனிராஜ் ஏணி கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். அழகுத்தாய் வீட்டுக் குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். மேலே போனவள், “மேடம், இதுக்கு வேர் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

ஜெசிந்தா விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இடதுபக்கம் என்றார்.

அழகுத்தாய் ஏணியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள்.