அரிசிக்கு வந்த வரி

"உரிடா, சீக்கிரம் உரி! ஒட்டச் சொன்னப்ப மட்டும் மெஷின் மாதிரி ஒட்டின?"

முதலாளி விரட்டினார். கடைப்பையன் திருமுருகன் ஹேர் டிரையரின் சூட்டை அரிசிப் பொட்டலத்தின் மேல் காட்டினான். பசை இளகியதும் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பு. 5.90 ரிங்கிட் என்ற புது விலை ஸ்டிக்கர் கையோடு வந்தது. அடியில் பழைய 5.50 பத்திரமாக இருந்தது. முப்பத்தெட்டு பொட்டலம் முடிந்துவிட்டது. இன்னும் இருநூறுக்கு மேல்.

மலேசியாவின் கிள்ளான் நகர லிட்டில் இந்தியாவில் கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கதவு தூக்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்துக்கு முன்பு முதலாளி சாத்தப்பனுக்கு ஒரு போன். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் மச்சான்தான் பேசினார். ஷா ஆலமிலிருந்து விலைச் சோதனை அதிகாரி கிளம்பிவிட்டார், உன் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

"எதிர்க்கடைக்குப் போகாம நம்மகிட்ட ஏன் வராங்க?" சாத்தப்பன் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். "யாரோ புகார் போட்டிருக்கான். உள்ளுக்குள்ள இருக்கிறவன்தான்."

அவர் மனைவி உமையாள், தூணில் ஒட்டியிருந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தாள். 'விற்பனை வரி உயர்வு காரணமாக விலைகள் மாற்றப்பட்டுள்ளன.'

"ஏங்க, அரிசிக்குத்தான் வரியே இல்லையே?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியுமா? ஊரே ஏத்துது, உமையா. நாம நாப்பது காசுதானே ஏத்தினோம்!"

"அப்ப அந்த நாப்பது காசு யாருக்குப் போகுது?"

"முதல்ல அந்தப் பேப்பரைக் கிழி!"

உமையாள் கிழிக்கப் போன கையோடு நின்றாள். வாசலில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

"கிழிக்காதீங்க ஆச்சி, நல்லா இருக்கு. நான் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்." எடுத்துக்கொண்டாள். "நான் ஹேமா, அமலாக்கப் பிரிவு. கடை உங்களோடதா அங்கிள்?"

"வாங்க, வாங்க மேடம். குடிக்க ஒரு தே தாரிக் சொல்லட்டுமா?"

"வேணாம் லா. அரிசியைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

அவள் உரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் மூலையை நெம்பினாள். அடியில் 5.50. பிறகு திருமுருகன் கையிலிருந்த ஹேர் டிரையரைப் பார்த்தாள்.

"அரிசிக்குத் தலை குளிப்பாட்டி விட்டீங்களா, தம்பி?"

திருமுருகன் ஹேர் டிரையரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், இந்த அரிசியை வாங்கின பில், போன மாசத்ததும் இந்த மாசத்ததும் வேணும்."

சாத்தப்பனின் முகம் கறுத்தது. ஆனால் கோபம் அதிகாரி மேல் போகவில்லை. நேராகத் திருமுருகன் மேல் இறங்கியது.

"நீதானே? எந்நேரமும் போனும் கையுமா அலையறவன் நீ ஒருத்தன்தான். புதுக்கோட்டையிலிருந்து கூட்டிட்டு வந்து சோறு போட்டேன் பாரு! வேலை பெர்மிட்டு வெள்ளிக்கிழமை முடியுதில்ல? கையெழுத்து கிடையாது. பெட்டியைக் கட்டு!"

திருமுருகனின் கண் கல்லா மேசைக்குப் போனது. பெர்மிட்டைப் புதுப்பிக்கும் படிவம் நான்கு நாளாக அங்கேயே கிடக்கிறது. இன்று செவ்வாய். அந்தக் கையெழுத்து விழாவிட்டால் சனிக்கிழமை அவன் விமானத்தில்.

"சத்தியமா நான் இல்ல முதலாளி."

"அப்ப யாருன்னு சொல்லு. சொல்லிட்டா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்!" என்று கத்திவிட்டு, பில் எடுக்கப் பின்னறைக்குள் போனார்.

திருமுருகன் ஹேமா பக்கம் திரும்பினான். "மேடம், புகார் கொடுத்தது யாருங்க?"

"பேர் சொல்லக்கூடாது. சட்டம்."

"அவங்க எதாவது படம் அனுப்பினாங்களா? அதையாவது பார்க்கலாமா?"

ஹேமா யோசித்தாள். வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை அவள் காதிலும் விழுந்திருந்தது. டேப்லெட்டைத் திருப்பினாள்.

திருமுருகன் குனிந்தான். கண்ணாடி மேசை மேல் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம். விலை 6.10. கண்ணாடிக்கு அடியில் பழனி முருகன் படம். அவ்வளவுதான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பொட்டலத்தைப் பார்த்தான். முருகனைப் பார்த்தான். நிமிர்ந்து போய், வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்திலிருந்து கல்லா மேசையைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"என்னடா, என்ன தேடற?" உமையாளுக்கு ஆவல் தாங்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஆச்சி."

சாத்தப்பன் பில்களோடு வந்தார். திருமுருகன் நிமிர்ந்து நின்றான். இந்தக் கடைக்கு வந்த மூன்று வருடத்தில் அவர் எதிரே அவன் இப்படி நின்றதில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன் முதலாளி."

"யாரு?"

"முதல்ல கையெழுத்து. நீங்க சொன்ன வார்த்தை. மேடம் சாட்சி."

"பேரம் பேசறியா என்கிட்ட?"

"போட்டுத்தான் தொலைங்களேன்," என்றாள் உமையாள். "எனக்கு மண்டை வெடிக்குது."

சாத்தப்பன் பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்தார். மூன்று இடத்தில் கையெழுத்து. உமையாள் கடை முத்திரையைக் குத்தினாள். திருமுருகன் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டான். பிறகுதான் பேசினான்.

"படத்தில இருக்கிறது நம்ம அரிசி இல்ல முதலாளி. நாம எப்பவும் ஆறு பத்துக்கு வித்ததில்ல. அது எதிர்க்கடை அரிசி. ஆனா மேசை நம்மளோடது."

"அது எப்படிடா நம்ம மேசைக்கு வரும்?"

"வியாழக்கிழமை ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லி நீங்கதான் அனுப்பினீங்க. எதுக்குன்னு சொல்லல. மேசையில வெச்சுட்டுப் போயிட்டேன்."

சாத்தப்பன் எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க நிக்கற பக்கமிருந்து பார்த்தா முருகன் தலைகீழாத் தெரிவார். இந்தப் படத்தில நேரா நிக்கிறார். அப்ப எடுத்தவர் கல்லா நாற்காலியில உட்கார்ந்திருக்கார். அதில நாங்க யாரும் உட்காரக்கூடாது. ஆச்சியே பணம் வாங்கறப்ப பக்கத்தில ஸ்டூல் போட்டுத்தான் உட்காருவாங்க."

உமையாள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க?"

"எதிர்க்கடைக்காரன் அறுபது காசு ஏத்தினான்..." சாத்தப்பன் முணுமுணுத்தார். "நான் அவன் மேலதானே புகார் போட்டேன்!"

ஹேமா அவசரமாகத் திரையைத் தள்ளினாள். புகாரின் அடிப்பகுதிக்குப் போனாள். படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், புகார் சொல்ற கடையோட முகவரின்னு கேட்ட இடத்தில நீங்க எதுவும் எழுதல. 'நான் இருக்கும் இடம்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க... அதை அமுக்கியிருக்கீங்க."