ஐந்து பீக்கர்களும் ஒரு சொட்டு சோப்பும்

எங்கள் ஆய்வகத்தின் குட்டியக்கா வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். தண்ணீர்ப்பூச்சி போடும் குட்டிகளை எண்ணுகிறவர் என்பதால் அந்தப் பெயர். பூச்சியே கடுகில் பாதிதான்; குட்டி வெறும் தூசி. அதை லென்ஸில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதுவார். அந்தப் பொறுமையில் துளிகூட ஆண்டவன் எனக்குத் தரவில்லை. நான் பீக்கர் கழுவுகிறவன். வயதில் மூத்தவன்தான், ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

ஒரு சோப்பு ஆலை தன் கழிவுநீரை ஏரியில் விட அனுமதி கேட்டிருந்தது. அந்த நீரில் தண்ணீர்ப்பூச்சிகளை விட்டுப் பார்த்த இரண்டு நாள் சோதனையில் ஒரு பூச்சியும் சாகவில்லை. ஆய்வகத் தலைவரான பெரிய சார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அக்காதான் குறுக்கே நின்றார்.

"சாகலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா சார்? குட்டி ஒழுங்கா போடுதான்னு பாக்கணும். இருபத்தொரு நாள் குடுங்க."

"ஒரே தடவைதான்மா. சொதப்பிச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

பத்து பீக்கரில் நல்ல தண்ணீர், பத்தில் கழிவுநீர் கலந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு தாய்ப்பூச்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே எண் போட்ட கழுவிய பீக்கருக்கு அதை மாற்ற வேண்டும். வெந்நீரில் மட்டும் கழுவணும், சோப்பு தொடக்கூடாது என்று கழுவும் தொட்டிக்கு மேலேயே அக்கா எழுதி ஒட்டியிருந்தார்.

பதினேழாம் நாள், நல்ல தண்ணீரிலேயே குட்டிகள் குறைந்திருந்தன.

"நல்ல தண்ணியிலயே இந்த லட்சணம்னா கழிவுத்தண்ணியை என்னன்னு குத்தம் சொல்றது?" என்றார் பெரிய சார்.

அக்கா நோட்டைப் புரட்டினார். "மூணு, நாலு, ஏழு, எட்டு, பத்து. இந்த அஞ்சுலதான் சார் குறையுது. அதுவும் பத்தாம் நாளுக்கு அப்புறம்."

அந்த ஐந்தும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. பூச்சிக்குத் தீனியாகப் போடும் பாசி அந்த ஐந்தின் அடியிலும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீருக்கு மசியவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன. பத்தாம் நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும், ஏரி தப்பாது. அக்காவின் கண்கள் லென்ஸில் பார்த்துப் பார்த்துச் சிவந்திருந்தன. சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "எத்தனை தடவை அலசினீங்கண்ணே?"

"மூணு தடவைக்கா. சத்தியமா."

"அட விடும்மா," என்றார் பெரிய சார். "அந்த அஞ்சைத் தள்ளிட்டு மிச்ச அஞ்சை வெச்சு எழுது. உனக்குத்தானே சாதகம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்," என்று சொல்லிவிட்டு, இருபது பூச்சிகளையும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி வளர்ப்புத் தொட்டியில் விட்டார். பதினேழு நாள் உழைப்பு. இப்படியும் ஒரு மனுஷியா என்று நினைத்தபடி காலி பீக்கர்களை எடுத்து அடுக்கினேன்.

பெரிய சார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டு. மூணு தடவை அலசியுமா?"

"ஆமா சார். பூச்சி ஒண்ணுகூட சாகலை. ரெண்டு நாள்ல பாத்திருந்தா எதுவும் தெரிஞ்சிருக்காது."

அவர் பேனாவை மூடினார். "இன்னொரு இருபத்தொரு நாள் எடுத்துக்கோ."

இந்த முறை பாசியை வெந்நீரும் நகமும் கொண்டே சுரண்டினேன். நல்ல தண்ணீரில் பத்துத் தாய்களும் குட்டிகளைப் போட்டுத் தள்ளின. கழிவுநீரில் பத்தும் உயிரோடுதான் இருந்தன. குட்டிகள் பாதிகூட இல்லை. ஆலைக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அக்கா தான் எழுதிய அறிக்கையில் கெட்டுப்போன முதல் சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். என் மானம் எந்த வரியில் போகிறது என்று விரலை வைத்துத் தேடினேன். பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருந்தன.

பிழைக்குப் பொறுப்பு: நான்.

பிழையைக் கண்டுபிடிக்க உதவியவர்: பீக்கர் கழுவும் அண்ணன்.