கடலூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோன சத்தியம்

எங்க அம்மா தைலம்மாள் ஒரு விஷயத்தை நம்பணும்னா கற்பூரம் வேணும். வாயால சொன்னா போதாது. போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டத்துல என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய், அங்காளம்மா சன்னதிக்கு எதிர்ல தரையில கற்பூரம் ஏத்தி வெச்சுது.

"மங்கை, அணைச்சு சத்தியம் பண்ணு. ஜட்ஜ் கேட்டா, 'எனக்கு நைனா வேணாம்'னு சொல்றேன்னு பண்ணு"ன்னுச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பின்னாடி ஜனம் நெருக்குது, பக்கத்துல ஒரு பொம்பளை சாமி வந்து ஆடுது, அம்மா கண்ணுல தண்ணி நிக்குது. பட்டுன்னு உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். கை சுட்டதுகூட அப்புறந்தான் தெரிஞ்சுது. அப்படிப் பண்ண சத்தியத்தை மீறினா ஆத்தா சும்மா விடமாட்டான்னு எங்க பக்கத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும்.

எங்கப்பாவை நான் நைனான்னுதான் கூப்பிடுவேன், பேரு கன்னியப்பன். வல்லத்துல மல்லாட்டை உடைச்சுக் கடலை எடுக்கிற மில்லுல வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கு இன்னொருத்தியைக் கூட்டியாந்துச்சு. அன்னிக்கே அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு செஞ்சிக்கு, அவங்க அண்ணன் விநாயகம் மாமா வீட்டுக்கு வந்துடுச்சு. நைனா நாலைஞ்சு தடவை என்னைப் பார்க்க வாசல் வரைக்கும் வந்துச்சு. மாமா உள்ள விடலை. கடைசியில, பொண்ணு என்கிட்டத்தான் இருக்கணும்னு நைனா கேஸ் போட்டுடுச்சு.

எனக்குப் பதினஞ்சு வயசு. ஆளாளுக்கு இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு பாடம் எடுத்தாங்களே தவிர, உனக்கு இன்னா வேணும்டின்னு ஒருத்தர் கேக்கலை. அம்மாவை அழவெச்ச மனுஷன்மேல எனக்கும் ஆத்திரம் உண்டு. நான் அம்மாகூடத்தான் இருப்பேன். ஆனா மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் நைனாவைப் பார்க்கணும். திருட்டுத்தனமா இல்லாம, பகல்ல, பத்து பேர் கண்ணு முன்னாடி பார்க்கணும்.

கடலூர் கோர்ட்டுல ஜட்ஜ் எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லிட்டு, என்னை மட்டும் அவர் ரூமுக்குக் கூப்பிட்டாரு. போற வழியில நைனா நின்னுச்சு. தாடி விட்டு, இளைச்சுப்போய். என்னைப் பார்த்ததும் தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்குச்சு, ஏதோ நான்தான் ஜட்ஜ் மாதிரி. அய்யோ நைனா, என்கிட்ட எதுக்கு இதெல்லாம்னு நினைச்சுக்கிட்டே உள்ள போனேன்.

"உட்காரும்மா, பயப்படாதே"ன்னாரு ஜட்ஜ். "நீ சொல்றது அப்படியே தீர்ப்பாயிடாது. முடிவு நான்தான் பண்ணணும். ஆனா விவரம் தெரிஞ்ச வயசு உனக்கு. உன் மனசுல இருக்கிறதைக் கேட்டுட்டுத்தான் பண்ணணும். யார்கிட்ட இருக்க ஆசைப்படுறே?"

"அம்மாகிட்ட."

"அப்பாவைப் பார்க்கணுமா?"

சுடுபட்ட இடம் ஆறிப்போச்சு, ஆனா அப்ப எரியற மாதிரியே இருந்துச்சு. வேணாம்னா நைனா போச்சு. வேணும்னா சத்தியம் போச்சு. ஆத்தா கோவம் என்மேல வந்தா பரவாயில்லை, அம்மாமேல வந்துட்டா? அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?

"எனக்கு நைனா வேணாம்"னேன்.

அவரு எழுதப் போனாரு.

"அய்யா, இருங்க! எழுதாதீங்க. அப்படிச் சொல்றேன்னு மேல்மலையனூர்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். சொல்லிட்டேன், சத்தியம் தீர்ந்துபோச்சு. இனிமே நான் சொல்றதை எழுதிக்குங்க."

ஜட்ஜ் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. சிரிப்பு வந்திருக்கும்போல, அடக்கிக்கிட்டாரு. "சரி, சொல்லு"ன்னாரு. மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன்.

வெளிய வந்ததும் மாமா ஓடியாந்து, "சொன்னியா?"ன்னாரு. சொன்னேன்னேன். அவரு மீசையைத் தடவிக்கிட்டு நைனாவை ஒரு பார்வை பார்த்தாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஜட்ஜ் உத்தரவு போட்டாரு. பொண்ணு அம்மாகிட்டதான் இருக்கணும். மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை அப்பா கூட்டிட்டுப் போய், பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விடணும். மாமா மூஞ்சி சுண்டிப்போச்சு. நைனா துண்டால கண்ணைத் தொடைச்சுக்குச்சு. நான் அம்மாவைப் பார்க்கலை, தைரியம் வரலை.

விழுப்புரத்துல பஸ் மாறினோம். மாமா முன் சீட்டுல தூங்கிட்டாரு. அப்புறந்தான் அம்மா, "ஆத்தாகிட்ட பண்ண சத்தியத்தை மீறிட்டியேடி, பாவி"ன்னுச்சு.

"மீறலை. சொல்றேன்னுதானே பண்ணச் சொன்ன? அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொன்னேன்."

அம்மா என் தோள்ல ஓங்கி ஒண்ணு வெச்சுது. அடுத்த நிமிஷம், பஸ்ஸுல அத்தனை பேர் இருக்க, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதுச்சு.

"அந்தாளை நீ பார்க்கறதுல எனக்கு இன்னாடி? ஒரு ஞாயித்துக்கிழமை போனவ அங்கயே தங்கிட்டீன்னா? எனக்குன்னு யாருடி இருக்கா?"

அடக் கடவுளே, இதுக்கா இத்தனை பாடு! ரெண்டு வருஷமா ஒரே பாயில படுத்து எழுந்திருக்கிறோம், இதை ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கலையே.

"ஏம்மா, சாயங்காலம் வந்துடறேன்னு சத்தியம் பண்ணுடின்னு கேட்டிருந்தா, அன்னிக்கே நூறு கற்பூரம் அணைச்சிருப்பேனே!"

கோட்டை மலை தெரிய ஆரம்பிச்சுது. கண்டக்டர் "செஞ்சி, செஞ்சி"ன்னு கத்தினாரு. அம்மா மூக்கைச் சிந்தித் தொடைச்சுட்டு, என் கையை இழுத்து, சுட்ட தழும்பைத் தடவிப் பார்த்துச்சு.

"கற்பூரமெல்லாம் வேணாம்"னுச்சு. "வாயால சொல்லு, போதும்."

வந்துடுவேம்மான்னேன்.